பாரத்துக்கு ஏறியவர்கள்

நவம்பர் 4, செவ்வாய்

ஆஸ்பத்திரியில் ஸ்டெல்லா சிஸ்டர் இந்த டைரியைக் கொடுத்தார். "உங்க சம்சாரத்துக்கு வலி எப்ப வருது, எவ்வளவு வருதுன்னு தினம் எழுதிட்டு வாங்க" என்றார். ஒன்றிலிருந்து பத்துக்குள் மார்க் போட வேண்டுமாம். "நாலாங் கிளாஸ் வரைக்கும் நான் வாங்குன மார்க்கெல்லாம் கூட்டுனாலும் பத்து வராது சிஸ்டர்" என்றேன். சிரித்தார். சிரிக்க வைத்தால் ஊசியை மெதுவாகப் போடுவார்கள் என்பது என் நம்பிக்கை.

தவமணிக்கு முதலில் மார்பில் வந்தது. அதை அறுத்து எடுத்தார்கள். இப்போது முதுகெலும்பில் போய் உட்கார்ந்திருக்கிறது. கரண்ட் வைத்தால், அதாவது கதிர் வைத்தியம் பார்த்தால், வலி குறையும் என்று டாக்டர் சொல்கிறார். குணமாகுமா என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. ஆளுக்கு ஆள் ஒரு மரியாதை.

எங்கள் ஏலக்காய் எஸ்டேட்டிலிருந்து போடி வரைக்கும் இறங்கும் பாதை முழுக்கக் கல். அதில் சூரியன் உதிப்பதைப் பார்க்க வருகிறவர்களை ஏற்றி இறக்குவதுதான் என் ஜீப்பின் பிழைப்பு. சூரியன் என்னவோ சும்மாதான் வருகிறது, நான்தான் வாடகை வாங்குகிறேன். கல்லில் அடிவயிறு இடிக்காமல் இருக்க வண்டியைக் கொஞ்சம் தூக்கிக் கட்டியிருக்கிறேன். ஆனால் இத்தனை வருசம் சுமந்ததில் பின் ஸ்பிரிங் ரெண்டும் அமுங்கிப் போய்விட்டன. வண்டி இப்போது முட்டையிட உட்கார்ந்த கோழி மாதிரி நிற்கிறது.

இன்று ஆஸ்பத்திரியிலிருந்து ஏறி வரும்போது ஒத்தப்பாறை வளைவில் பின்பக்கம் முட்டியது. ஆக்சில் மேலே வந்து ரப்பர் கட்டையில் இடிக்கிற 'தட்' அது. எனக்கு முதுகில் யாரோ உலக்கையால் போட்டது போல இருந்தது. பின்னால் படுத்திருந்த தவமணி ஒரு சத்தம் போட்டாள். அப்படி ஒரு சத்தத்தை அவள் மகளைப் பெற்றபோதுகூட நான் கேட்டதில்லை.

மார்க் கேட்டேன். அவள் சொன்னது மூன்று. கூட வந்த அன்னக்கொடி மதனி சொன்னது ஒன்பது. நான் ஆறு என்று போட்டிருக்கிறேன்.

நவம்பர் 5, புதன்

இனி கீழே ஆஸ்பத்திரிக்கு வரமாட்டாளாம்.

"கரண்டும் வேணாம், ஒண்ணும் வேணாம். என்னைய இங்கிட்டே கிடக்க விடுங்க மாமா."

"அப்ப எனக்குக் கஞ்சி ஊத்துறது யாரு?"

"இப்பவும் மதனிதான ஊத்துறாக?"

"அது கஞ்சியா புள்ள? சுவருக்கு அடிக்கிற சுண்ணாம்பு."

வெளியே விறகு பிளந்துகொண்டிருந்த மதனிக்குக் காது கேட்டுவிட்டது. அவர் என் அண்ணன் பெண்டாட்டி. அண்ணன் போனபிறகு பக்கத்து வீட்டிலேயே இருக்கிறார். "கொழுந்தனாரே, ராத்திரிக்கு அந்தச் சுண்ணாம்பும் கிடையாது" என்றார். தவமணி சிரிக்கப் பார்த்தாள். சிரித்தால் முதுகில் பிடிக்கிறது. சிரிப்பு பாதியில் நின்றுபோனது. அதனால் இன்றைக்கு நானும் கொஞ்சம் வாயைக் குறைத்துக்கொண்டேன்.

வண்டிதான் அவளை இடிக்கிறது. வண்டியைச் சரி பண்ணிவிட்டால் வருவாள். இதற்குப் படித்த மூளை தேவையில்லை.

நவம்பர் 7, வெள்ளி

வண்டியைக் கீழே கொண்டுபோனேன். மெக்கானிக் மைதீன் பாய் தொழுகை முடிந்து வரும்வரை ஷெட்டு வாசலில் காத்திருந்தேன். வந்ததும் குனிந்து பார்த்தார்.

"என்ன மாப்ள, வண்டியும் ஒன்ன மாதிரியே பின்னால தொங்கிப் போச்சு."

"புது ஸ்பிரிங்கா கெட்டியாப் போட்டுருங்க பாய்."

அவர் வேண்டாம் என்று தலையை ஆட்டினார். கெட்டி ஸ்பிரிங் போட்டால் வண்டி நிமிரும், ஆனால் ஒவ்வொரு கல்லும் அப்படியே மேலே வரும். "தங்கச்சி முதுகு தாங்குமா?" என்று கேட்டார். நான் அதை யோசிக்கவில்லை.

இப்போதுள்ள ஸ்பிரிங்கிலும் காலி வண்டியாக ஓட்டினால் குதிக்கும். அதனால்தான் எங்கள் மலையில் பிள்ளைத்தாய்ச்சியையோ நோயாளியையோ இறக்கும்போது அக்கம்பக்கத்து ஆட்கள் 'பாரத்துக்கு' ஏறுவார்கள். வேலையை விட்டுவிட்டு, கூப்பிடாமலே வந்து, பின்னால் ரெண்டு பக்கமும் சாக்கு மூட்டை போல உட்கார்ந்துகொள்வார்கள். பாரம் இருந்தால் ஸ்பிரிங் மெத்தென்று ஆடும். ஆனால் என் ஸ்பிரிங் அமுங்கிப் போனதால் ஆட்கள் ஏறியதும் இன்னும் இறங்கி, சின்னப் பள்ளத்துக்கே முட்டுகிறது. ஆள் ஏறாவிட்டால் குதிக்கிறது, ஏறினால் இடிக்கிறது.

"இதே ஸ்பிரிங்கே இருக்கட்டும். தலையில ஒரு ஸ்பேசர் வைப்போம்" என்றார் பாய். கெட்டியான கறுப்பு வளையம். ஸ்பிரிங்குக்கும் வண்டியின் அடிச்சட்டமான சேஸுக்கும் நடுவில் உட்கார்ந்து பின்பக்கத்தை அந்த அளவுக்குத் தூக்கிவிடும். ஸ்பிரிங் முன்னைப் போலவே இளக்கமாக ஆடும், ஆனால் முட்டுவதற்கு இடம் கூடுதலாகிவிடும். கோயம்புத்தூரிலிருந்து வரவேண்டும்.

படத்தை போனில் காட்டினார். அச்சு அசல் உளுந்த வடை.

வலி: அவள் மூன்று. மதனி ஏழு.

நவம்பர் 9, ஞாயிறு

மழை. வடை வரவில்லை. தவமணி பகல் முழுக்கத் தூங்கினாள், தூங்கினது மாதிரி கிடந்தாள்.

நவம்பர் 10, திங்கள்

வளையம் வந்துவிட்டது. ஷெட்டில் காலை முழுக்க வேலை.

சேஸுக்கு ரெண்டு பக்கமும் ஸ்டாண்டு கொடுத்து, பின் சக்கரங்களைக் கழற்றி, ஆக்சிலுக்கு அடியில் ஜாக்கி வைத்தோம். குலுக்கலைத் தாங்குகிற ஷாக்கின் கீழ்ப் போல்ட்டைக் கழற்றிவிட்டு ஜாக்கியை மெல்ல மெல்ல இறக்கவேண்டும். நான்தான் இறக்கினேன். பாய் பிரேக் ஆயில் ஓடுகிற ஹோஸையே பார்த்துக்கொண்டிருந்தார். "விறைக்குது, விறைக்குது, நில்லு! அது அறுந்துச்சுன்னா கீழ போய்ச் சேர்ற வேகத்துல ஒனக்கு சூரிய உதயம் இல்ல, அஸ்தமனம்தான்" என்றார். ஆக்சில் தொங்கியதும் ஸ்பிரிங் தளர்ந்து கையோடு வந்தது. துருவைத் தேய்த்து, தலையில் வளையத்தை வைத்து, ஸ்பிரிங்கின் கீழ் நுனியான அடிவால் அதன் பள்ளத்தில் போய் முட்டும்வரை திருப்பி உட்காரவைத்தோம். பிறகு ஜாக்கியை ஏற்றினால் அதுவாகவே கவ்விக்கொண்டது.

நான் அவசரத்தில் ஷாக் போல்ட்டை முழுசாக இறுக்கப் போனேன். கையில் ஒரு அடி விழுந்தது.

"சக்கரம் தரையில நிக்கட்டும்டா. வண்டி தன் பாரத்தோட நிக்கும்போதுதான் இறுக்கணும். தொங்குறப்ப இறுக்குனா ரப்பர் முறுக்கிக்கிட்டே கிடந்து ஒரு நாள் கிழியும்."

சரிதான் என்று விட்டேன். வண்டியை இறக்கி, நாலு பேரை ஏற்றி, அப்புறம் இறுக்கினோம். இப்போது பின்பக்கம் நிமிர்ந்து நிற்கிறது. வயசுப்பிள்ளை மாதிரி இருக்கிறது.

சாயங்காலம் தவமணியிடம் வந்து சொன்னேன். "ஒனக்காகப் பாய் ரெண்டு வடை வச்சுருக்காரு."

"சட்னி?"

"அது நாந்தான்."

"அதுதான் ஊசிப்போயி நாளாச்சே."

வாய் மட்டும் இன்னும் நல்லாத்தான் இருக்கிறது அவளுக்கு.

நவம்பர் 11, செவ்வாய்

அவளை ஏற்றும் முன்பு ஒரு தடவை பார்த்துவிடுவோம் என்று எஸ்டேட் லயத்து வீடுகளின் ஆட்களைப் பாரத்துக்கு ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். மதனியை நடுவில், தவமணி படுக்கிற இடத்தில் படுக்க வைத்தேன். "சாகுறதுக்கு முந்தி எனக்குப் பாடை கட்டிட்டியே" என்று திட்டிக்கொண்டே படுத்தார்.

பாதி வழிவரை பஞ்சு. ஒத்தப்பாறை வளைவில் இடது பின்சக்கரம் பள்ளத்தில் இறங்கி அந்தரத்தில் தொங்கியது. திரும்ப ஏறும்போது 'தட்'. பழையதைவிடப் பெரிய தட்.

கீழே படுத்துப் பார்த்தேன். சக்கரம் தொங்கியபோது ஸ்பிரிங் தளர்ந்து, வளையம் ஒரு பக்கமாக நழுவியிருக்கிறது. வண்டியைத் தூக்கிக் கட்டியபோது ஷாக்கை நீளமாகப் போட்டிருக்கிறோம். அதனால் சக்கரம் வழக்கத்தைவிட அதிகமாகத் தொங்குகிறது. வளையத்தைச் சும்மா வைத்தால் நிற்காது.

நல்லவேளை, மதனிதான் படுத்திருந்தார். அவர் என் ஏழு தலைமுறையையும் கூப்பிட்டுப் பேசினார். எனக்கோ, தவமணி படுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்றுதான் ஓடியது.  

நவம்பர் 12, புதன்

பாய் தன் தலையிலேயே அடித்துக்கொண்டார். "சமத்தரையில ஓடுற வண்டின்னு நெனச்சு வச்சுட்டேன் மாப்ள."

மறுபடி எல்லாம் கழற்றினோம். வளையத்தின் நடுவில் கனமான தகடு வைத்து, சேஸில் ஸ்பிரிங் உட்காரும் கிண்ணத்தில் துளைபோட்டு, கீழிருந்து மேலே ஒரு போல்ட்டை ஏற்றி, ரெண்டு நட்டு போட்டுப் பூட்டினோம். இனி ஸ்பிரிங் தளர்ந்தாலும் வளையம் அசையாது. ஸ்பிரிங்கின் அடிவாலையும் ஆக்சிலில் ஒரு கிளாம்ப் போட்டுப் பிடித்தாயிற்று. சக்கரத்தை முழுசாகத் தொங்கவிட்டுக் கம்பியால் நெம்பிப் பார்த்தோம். அசையவில்லை.

அதே ஆட்கள், அதே பள்ளம். மதனி படுக்க மறுத்துவிட்டார். நானே படுத்தேன், மைதீன் பாய் ஓட்டினார். பள்ளம் எப்போது வந்தது என்றே எனக்குத் தெரியவில்லை. "பாய், ஒத்தப்பாறை வந்துருச்சா?" என்று கேட்டேன். "தாண்டியாச்சு மாப்ள" என்றார்.

எனக்கு அப்படியொரு சந்தோசம். வண்டியை நிறுத்தச் சொல்லி, இறங்கி, பாயைக் கட்டிப்பிடித்துவிட்டேன். அவர் வெள்ளைச் சட்டை போட்டிருந்தார்.

நவம்பர் 13, வியாழன்

அவள் காலடியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். தகடு, போல்ட், ரெண்டு நட்டு, கிளாம்ப். கையால் வளையம் வரைந்து காட்டினேன். கண்ணை மூடாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நீங்களே படுத்துப் பாத்தீகளா?"

"தூங்கியே போயிட்டேன்."

"நீங்க எங்க படுத்தாலும் தூங்குவீக."

 என் கையைப் பிடித்து, நகத்துக்குள் இருந்த கிரீஸைச் சுரண்டினாள். "இம்புட்டு மெனக்கெட்டுருக்கீக. சரி, போவோம் மாமா" என்றாள்.

எனக்காக வருகிறாள் போல ஒரு பேச்சு! அவள் உடம்புக்குத்தானே எல்லாம்.

நவம்பர் 14, வெள்ளி

போய் வந்துவிட்டோம்.

விடியும்போதே வாசலில் ஆட்கள் நின்றார்கள். நான் யாரையும் கூப்பிடவில்லை. நடுவில் மெத்தை, மெத்தையில் மகாராணி, ரெண்டு பக்கமும் காலை மடக்கிக்கொண்டு பாரத்துக்கு வந்தவர்கள். மதனி அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டார்.

கிளம்பும் முன் வலி மாத்திரையை நீட்டினேன். "அதப் போட்டா தூக்கமா வருது. நீங்க செஞ்ச வண்டிய முழிச்சிருந்து பாக்கணும். வேணும்னா கேக்குறேன்" என்றாள். சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். வழி முழுக்க அவள் கேட்கவே இல்லை.

ஒரு இடத்தில்கூட முட்டவில்லை. சத்தியமாக ஒரு இடத்தில்கூட. வளைவுக்கு வளைவு கண்ணாடியில் பார்த்து, "தட்டுச்சா புள்ள?" என்று கேட்டேன். குளிருகிறது என்று துண்டை வாயோடு சுற்றியிருந்தாள். கையை மட்டும் தூக்கி, இல்லை என்று ஆட்டினாள். நான் ஒரு கல்யாணக் கூத்துக் கதை சொன்னேன். ஆட்கள் யாரும் சிரிக்கவில்லை. மதனி வேறு வெளியே பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். வளைவுப் பாதையில் அவருக்குக் குமட்டும்.

டாக்டர் புது ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் வைத்து ரொம்ப நேரம் பார்த்தார். இனிமேல் கரண்ட் தேவைப்படாது, வீட்டிலேயே நிம்மதியாக வைத்துக்கொள்ளுங்கள், மாத்திரையைக் கூட்டித் தருகிறேன் என்றார்.

"அப்ப நல்லதுதான டாக்டர்?"

அவர் எழுதிக்கொண்டிருந்தார். ஸ்டெல்லா சிஸ்டரிடம், "பாத்தீங்களா, எங்க வடைக்கு பயந்து கரண்டே நின்னு போச்சு" என்றேன். சிரிக்கவில்லை. கதவுவரை என் முழங்கையைப் பிடித்துக்கொண்டே வந்தார்.

ஏறும்போதும் ஒரு தட்டல் இல்லை. வீட்டு வாசலில் இறக்கும்போது தவமணி சொன்னாள்: "இம்புட்டுச் சொகுசா நான் எந்த வண்டிலயும் போனதில்ல மாமா." உடனே மைதீன் பாய்க்கு போன் போட்டு, வார்த்தை மாறாமல் சொன்னேன்.

நவம்பர் 15, சனி

மதனி நேற்றைய துணிகளைத் துவைத்துக் கொடியில் போட்டிருந்தார். நான் வண்டி கழுவத் தண்ணீர் எடுக்கப் போனேன். தவமணி வாயோடு சுற்றியிருந்த துண்டு, வெயிலுக்கு எதிராகத் தொங்கியது. நடுவில் ஒரே இடத்தில் கும்பலாக ஓட்டை. சில இடத்தில் நூல் நூலாக வந்திருந்தது. ஓட்டைகளைச் சுற்றிக் காவி நிறம், துவைத்தும் போகவில்லை.

மதனி என் பின்னால் வந்து நின்றார்.

"எலி" என்றேன்.

"எலியாத்தான் இருக்கும் கொழுந்தனாரே" என்றார். துண்டை உருவி இடுப்பில் செருகிக்கொண்டு போய்விட்டார்.

உள்ளே போனேன். "தவம், நேத்து வண்டி எப்படி?"

"சொகுசு."

"ஒரு தட்டல்?"

"ஒண்ணுகூட இல்ல."

அது உண்மைதான். நான் வண்டியைப் பற்றித்தான் கேட்டேன். அவளும் வண்டியைப் பற்றித்தான் சொன்னாள்.

பிறகு வண்டிக்கு அடியில் படுத்து, ரெண்டு பக்கத்துப் போல்ட்டையும் ஸ்பேனர் போட்டுப் பார்த்தேன். எல்லாம் இறுக்கமாகத்தான் இருந்தது. வெளியே வர நேரமாகிவிட்டது. கண்ணில் ஆயில் சொட்டிவிட்டது.

நவம்பர் 18, செவ்வாய்

மாத்திரையை அவள் கேட்கும்வரை நான் காத்திருப்பதில்லை. நேரம் பார்த்து நானே கொடுத்துவிடுகிறேன். "என்ன மாமா, கடை வச்சுட்டீகளா?" என்கிறாள். போட்டுக்கொண்டு தூங்குகிறாள். தூங்கும்போது முகம் பழைய மாதிரி இருக்கிறது.

மகள் பல்லடத்திலிருந்து வந்துவிட்டாள். அவள்தான் தலை வாருகிறாள்.

நவம்பர் 21, வெள்ளி

இரண்டு வாய் கஞ்சி. மதனியின் கஞ்சி நல்லா இருக்கிறது என்றாள். இவளுக்கு உடம்பு ரொம்பத்தான் முடியவில்லை.

நவம்பர் 24, திங்கள்

தவமணி காலையில் போய்விட்டாள்.

மழை இல்லை.

டிசம்பர் 8, திங்கள்

இன்றுதான் வண்டியை எடுத்தேன். தனியாக. காலி வண்டி கல்லுக்குக் கல் குதித்தது. பின்னால் யாரும் இல்லாமல் இந்தப் பாதையில் நான் இறங்கியதே இல்லை என்று தோன்றியது. அது பொய். எத்தனையோ தடவை இறங்கியிருக்கிறேன்.

ஸ்டெல்லா சிஸ்டரிடம் டைரியைக் கொடுக்கப் போனேன். முதல் பக்கத்தைப் படித்துவிட்டு, "நீங்களே வச்சுக்கங்க அண்ணே" என்று கையில் திணித்தார்.

டிசம்பர் 11, வியாழன்

மைதீன் பாய் போன் பண்ணினார். ஷெட்டில் வருசநாட்டுக்காரர் ஒருவர் உட்கார்ந்திருக்கிறாராம். அவரும் மலைமேலே இருப்பவர். அம்மாவுக்கு இடுப்பு எலும்பில் அதே நோய். தூக்கிக் கட்டிய ஜீப், அமுங்கிப் போன பின் ஸ்பிரிங். என் வண்டியைப் பற்றிப் பாய் சொல்லியிருக்கிறார். "நீயே ஒரு வார்த்தை சொல்லு மாப்ள" என்று போனை அவரிடம் கொடுத்தார்.

"அண்ணே, வணக்கம்ணே. இந்த ஸ்பேசர் போட்டா எங்கம்மாவுக்கு வலிக்காதுல்ல?"

சின்னக் குரல். தூங்காத ஆள் குரல்.

"போடுங்க தம்பி" என்றேன். "ஆனா சும்மா வைக்க விடாதீக. தகடு வச்சு, கீழருந்து போல்ட் ஏத்தி, ரெண்டு நட்டு போட்டுப் பூட்டச் சொல்லுங்க. அடிவாலுக்குக் கிளாம்ப் போடணும். சக்கரம் தரையில நின்னப்புறம்தான் ஷாக்க இறுக்கணும். பாரத்துக்கு ஆள் ஏத்துங்க. ஒரு தட்டல் இருக்காது. அதுக்கு நான் பொறுப்பு."

"ரொம்ப சந்தோசம்ணே."

அவர் வைக்கப் போனார்.

"தம்பி, இருங்க. கிளம்புறதுக்கு முந்தியே அம்மாவுக்கு வலி மாத்திரையக் குடுத்துருங்க. வேணாம்பாங்க, வேணும்னா கேக்குறேம்பாங்க. நீங்க காதுல வாங்காதீக. அவுங்க வாயில போட்டு, முழுங்குறதப் பாத்துட்டு, அப்புறமா வண்டிய எடுங்க."